சம்பந்தி கொண்டுவந்த மோட்டார்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த மீனுக்கு எப்போது தீனி என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அதையே நானும் எழுதினால் படிக்கும் உங்களுக்கும் தூக்கம் வரும், எழுதும் எனக்கும் வரும். நான் சொல்லப்போவது ஒரு மோட்டாரைப் பற்றி. ஒரு கல்யாணத்தைப் பற்றியும்தான். ஆனால் எனக்குச் சம்பளம் கொடுத்தது மீன்களைப் பார்த்துக்கொள்ள, அதனால் மோட்டாரில் இருந்தே தொடங்குகிறேன்.

கோயமுத்தூரில் கடல் கிடையாது. இதைச் சொல்ல ஓய்வுபெற்ற ஒருத்தி வேண்டுமா என்று கேட்பீர்கள். நம் காட்சியகத்துக்கு வருகிற பாதிப்பேர் அதை மறந்துவிட்டுத்தான் வருகிறார்கள். “பின்னால கடல் இருக்குதுங்களா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பின்னால் இருந்தது பஸ் டெப்போ. மற்றப் பாதிப்பேர், “ஏனுங்க, இது கொழம்புக்கு ஆகுங்களா?” என்று கேட்பார்கள். ஆகும் என்றால் ஆகும் என்பேன், ஆகாது என்றால் ஆகாது என்பேன். இரண்டுக்கும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவார்கள். இந்த ஊரில் யாரும் அடுத்தவர் முகம் வாட விட மாட்டார்கள். அதுதான் நம் ஊரின் பெருமை. நம் தொழிலில் அதுதான் பெரிய ஆபத்தும்.

நான் போத்தனூர்க்காரி. அப்பா ரயில்வேயில் இருந்தார். விலங்கியல் படித்துவிட்டுக் கடற்கரையோரம் ஒரு மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவருக்கு மரியாதை என்றால் என்னவென்றே தெரியாது. ஒருநாள் ஒரு தொட்டிக்குள் பாசி எடுக்கக் கையை விட்டேன். கல்லைப் போலவே அசையாமல் கிடந்து விஷமுள்ளால் குத்துகிற மீன் ஒன்று அதற்குள் கிடந்தது. எனக்குத் தெரியாது. “எடுடீ கையை!” என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினார். கையை எடுத்துவிட்டு, அவர் அப்படிக் கத்தியதற்காக அன்று மாலைவரை அழுதேன். எங்கள் ஊர்க்காரர் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், “அம்மணி, சிரமம் பாக்காம அந்தக் கையைக் கொஞ்சம் வெளிய எடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் நான் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பேன். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. கையும் உண்டு.

பிறகு சொந்த ஊரிலேயே கடல்வாழ் உயிரினக் காட்சியகம் வருகிறது என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். விலங்குப் பராமரிப்பு முழுக்க என் பொறுப்பு. கட்டியவரை எல்லோரும் சேர்மன் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். தோட்டம், அப்புறம் நூல்மில், அப்புறம் இது. நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. வேண்டாம் என்றால் “பாக்கலாமுங்க” என்பார். முடியாது என்றால் “செஞ்சரலாமுங்க” என்பார். நன்கொடை கேட்டு வந்தவர் மனம் நிறைந்து போவார். வாசலைத் தாண்டி ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு உறைக்கும்.

காட்சியகத்தின் ஒரு பாதியில் உயிருள்ள மீன்கள். மறுபாதி கடலாய்வுக் கூடம். உள்ளே உட்கார்ந்து பொத்தான்களை அழுத்திப் பார்க்க ஒரு நீர்மூழ்கி மாதிரியும், ஒரு பெரிய திரையும் அங்கே உண்டு. கடலில் போய்க்கொண்டிருக்கும் ஓர் ஆய்வுக்கப்பலோடு அந்தத் திரையில் நேரடியாகப் பேசலாம். கப்பலில் இருந்து கேமரா பொருத்திய ரோபோ ஒன்றைக் கடலடிக்கு இறக்குவார்கள். அதை ஓட்டுகிறவர்களில் ஒருத்தி சேர்மனின் மகள் தாரணி. சின்ன வயதில் நம் தொட்டிகளுக்கு முன்னால் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற பெண். கடலியல் படித்துக் கப்பலேறிவிட்டாள். வருடத்தில் சில மாதங்கள் கடலில் இருப்பாள்.

அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். பையனின் அப்பா கணபதிப் பக்கம் பம்புசெட் தொழிற்சாலை வைத்திருப்பவர். கப்பலுக்குக் கிளம்புமுன் தாரணி என்னைப் பார்க்க வந்தாள். “கல்யாணத்துக்கப்பறமும் நான் கப்பலுக்குப் போலாமாம் ஆன்ட்டி. அப்பா பேசிட்டாரு. மாமா சரின்னு சொல்லிட்டாராம்” என்றாள். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். அடுத்த வாரம் சேர்மன் அறையில் ஒரு வேலையாக நின்றிருந்தேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “இந்தத் தடவையோட முடிஞ்சுதுங்க சம்பந்தி. அப்பறம் பொண்ணு கப்பல் பக்கமே போகாதுங்க.”

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்பார்கள். சேர்மன் அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டார். இரண்டையும் கேட்ட ஒரே ஆள் நான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் மொதல்ல ஒண்ணு சேரட்டுமுங்க. அப்பறம் எல்லாம் தானா சரியாப் போயிருமுங்க” என்றார். தானாகச் சரியாகிற பொருள் எதையும் நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. ஆனால் அது அவர் வீட்டு விஷயம். நான் தீனிக்கு மீன் வாங்குவது பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

பெண்ணைத் திரையில் பார்ப்பதற்காகச் சம்பந்தி வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்சியகத்துக்கு வந்தார்கள். பையன் மட்டும் வரவில்லை, வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தான். மற்றபடி பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அவர்கள் வீட்டு நண்டுசிண்டுகள் என்று ஒரு வேன் நிறைய ஆள். மாடியில் பந்திக்கு இலை போடத் தயாராக இருந்தார்கள். சேர்மன் சரிகை வேட்டியில் ஓடியாடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் திருக்கைக் குளத்தின் மோட்டார் நின்றது.

திருக்கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், தட்டையாக மணலில் படுத்திருக்கும். கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள் இருக்கும், அவற்றின் வழியாகத்தான் தண்ணீரை இழுத்து மூச்சு விடும். மோட்டார் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வடிகட்டிக் காற்றோடு கலந்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அந்தத் துளைகள் வேகமாகத் திறந்து மூடும். அதைப் பார்க்கச் சகிக்காது. அந்தக் குளத்தில் இருந்த பெரிய திருக்கை ஒன்று சினையாக இருந்தது. திருக்கை முட்டை இடாது, குட்டி போடும். உள்ளே குட்டிகள் புரளுவது மேலிருந்து பார்த்தாலே தெரியும். எனக்கு அந்தத் திருக்கை மேல் தனி ஆசை உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மாற்று மோட்டார் பழுதுபார்க்கப் போயிருந்தது. பராமரிப்புப் பொறியாளர் சிவக்குமார் கருகிய மோட்டாரை முகர்ந்து பார்த்துவிட்டு, “செஞ்சரலாமுங்க மேடம்” என்றார். முடியாது என்று அர்த்தம். எதிரே உள்ள பட்டறையில் இருந்து வெல்டிங்குக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை வாங்கிவரச் சொன்னேன். நோய்ப்பட்ட மீன்களைத் தனியாக வைக்கும் தொட்டி அன்று காலி. அதில் ஒரு சின்ன மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றி இங்கே மாட்டச் சொன்னேன். இரண்டும் சேர்ந்தால் பொழுது சாயும்வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் பழுதுக்குப் போனது திரும்பி வந்துவிடும்.

இதற்கிடையே கூட்டம் சேர்ந்துவிட்டது. மற்ற ஊர்களில் மீன் தத்தளித்தால் மீனைப் பார்ப்பார்கள். இங்கே மோட்டாரைப் பார்த்தார்கள். “கெபாசிட்டர் போயிருக்குமுங்க” என்றார் ஒருவர். “வைண்டிங்குதானுங்க, வாசமே சொல்லுதே” என்றார் இன்னொருவர். குடும்பத்தோடு டிக்கெட் எடுத்து வந்த ஒரு மனிதர் சட்டைப்பையில் இருந்து திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். அவர் மனைவி சாவகாசமாகப் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். இவருக்கு இது முதல் தடவை இல்லை என்று புரிந்துகொண்டேன்.

விஷயம் சம்பந்தியின் காதுக்குப் போனது. வெள்ளைச் சட்டை, கையில் பெரிய விரல்கள், நிதானமான மனிதர். சிரித்துக்கொண்டே வந்தார்.

“என்னங்க சம்பந்தி, மோட்டாருன்னா நம்மகிட்டச் சொல்ல வேண்டாமுங்களா?”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்…” என்றார் சேர்மன்.

“சிரமம் என்னங்க. ஒறவு எதுக்கு இருக்குது?”

போனை எடுத்தார். சற்று நேரத்தில் அவர் தொழிற்சாலை வண்டி வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு புது மோட்டாரை இரண்டு ஆட்கள் இறக்கினார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தது. சம்பந்தி அதன் வாயைத் திறந்து உள்ளே சுழலும் சக்கரத்தைக் காட்டினார். மஞ்சளாக மின்னியது.

“பூரா கன்மெட்டலுங்க அம்மணி” என்றார் என்னிடம். “செம்பும் வெள்ளீயமும் சேத்து ஊத்துனது. உப்புத்தண்ணிக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்லீங்க. போட்டுக்கெல்லாம் நாங்க இதைத்தான் குடுக்கறது.”

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. படகுக்கு அதைவிட நல்ல மோட்டார் கிடையாது. உப்புநீரில் அது துருப்பிடிக்காது. ஆனால் உப்புநீர் அதிலிருந்து செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும். கடலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு குளத்துத் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றும் இடத்தில் அது சேர்ந்துகொண்டே போகும். திருக்கைக்குச் செம்பு விஷம். ஆகவே நம் மோட்டார்களில் தண்ணீர் படும் இடமெல்லாம் பிளாஸ்டிக். நீங்கள் பயிற்சியில் இதை ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டிப் போவீர்கள். அந்த வரியைச் சந்தனம் குங்குமம் வைத்த மோட்டாருக்கு முன்னால் நின்று சொல்வது வேறு வேலை.

சேர்மனைத் தனியே தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

“அது ஆகாதுங்க. திருக்கை செத்துப்போகும்.”

“இன்னைக்கு ஒரு நாளைக்கு ஓடட்டுமுங்க அம்மணி. நாளைக்குக் கழட்டிப்போடலாமுங்க.”

“அவரு தெனமும் போன் பண்ணி ஓடுதான்னு கேப்பாருங்க. நீங்க கழட்ட மாட்டீங்க. செம்பு மணல்ல எறங்கிருச்சுன்னா அப்பறம் எடுக்கவே முடியாதுங்க. வயித்துல குட்டி வேற இருக்குது.”

சேர்மன் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி மோட்டாரின் முதுகைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். “பொண்ணு வாழப்போற ஊடுங்க” என்றார் மெல்ல. “மொத மொதல்ல கையில கொண்டாந்ததை வேண்டாமுன்னு எப்படிங்க சொல்றது?”

“நான் சொல்றனுங்க.”

“ஆரும் சொல்ல வேண்டாமுங்க.”

அப்போதுதான் சிவக்குமார் தொண்டையைக் கனைத்தார். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. “ரெண்டு பேருக்கும் மனசு நோகாம ஒண்ணு பண்ணலாமுங்க” என்றார். பின்கட்டில் ஒரு பெரிய டிரம் இருந்தது. அதில் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரை நிரப்பி, புது மோட்டாரின் இரண்டு குழாய்களையும் அதற்குள்ளேயே விட்டுவிடலாம். டிரம்மில் இருந்து இழுத்து டிரம்முக்கே கொட்டும். மோட்டார் ஓடும், சத்தம் கேட்கும். திருக்கைக் குளத்தில் சின்ன மோட்டாரும் சிலிண்டரும் அவை பாட்டுக்கு வேலை செய்யும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நான் தடுக்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தச் செம்பு என் தண்ணீரைத் தொடக்கூடாது. தொடவில்லை. அதற்காக நான் இப்போதும் வருத்தப்படவில்லை.

தேங்காய் உடைத்து, சம்பந்தி கையாலேயே சுவிட்சைப் போட வைத்தார்கள். சுவிட்ச் முன்பக்கச் சுவரில் இருந்தது, மோட்டார் சுவருக்குப் பின்னால். உர்ரென்று சத்தம் எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சம்பந்தி குளத்தோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சிலிண்டரின் புண்ணியத்தில் திருக்கைகளின் மூச்சு சீராகத் தொடங்கியிருந்தது. பெரியது மெதுவாக எழும்பிக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது.

“பாருங்க, நம்ம மோட்டாருத் தண்ணி பட்டதும் எப்படி எந்திரிச்சுருச்சு!” என்றார் மனைவியிடம்.

சேர்மன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். அந்த மனிதர் பிறந்ததில் இருந்து மோட்டார் சத்தத்தில் வளர்ந்தவர். அப்பளம் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாய்க்குப் பாதி தூரத்தில் அவர் கை நின்றது. தலையைச் சாய்த்தார்.

“சத்தம் சரியில்லீங்களே.”

“புதுசுங்க, போகப்போகச் சரியாயிருமுங்க” என்றார் சிவக்குமார்.

“என்ற மோட்டாருங்க தம்பி. தண்ணி மேல ஏறுனா ஒரு சத்தம். ஏறாம ஓடுனா ஒரு சத்தம். இது ஏறாம ஓடுது.”

எழுந்தார். சேர்மன் குறுக்கே போய், “மொதல்ல சாப்பிடலாமுங்க சம்பந்தி” என்றார். “வாரனுங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் பின்கட்டுக் கதவைத் திறந்தார்.

மல்லிகைப்பூவோடு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மில் தண்ணீர் உள்ளே போய் வெளியே வந்தது, வெளியே வந்து உள்ளே போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவக்குமார் கூரையில் எதையோ தேடினார்.

“இது என்னங்க?”

“டெஸ்டிங்குங்க சம்பந்தி” என்றார் சேர்மன்.

எனக்குப் பொறுக்கவில்லை. மனிதர் கண்ணெதிரே டிரம் இருக்கிறது. “டெஸ்டிங் இல்லீங்க” என்றேன். “உங்க மோட்டாருல செம்பு இருக்குதுங்க. அது தண்ணியில கரையும். திருக்கைக்கு விஷமுங்க. இந்தக் குளத்துக்கு அது ஆகாதுங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தொழில்காரரைப் போலக் கேட்டார். “பித்தளையும் ஆகாதுங்களா?”

“ஆகாதுங்க. தண்ணி படற எடமெல்லாம் பிளாஸ்டிக்கா இருக்கோணும்.”

“அதை நாங்களும் பண்ணலாமுங்களே” என்றார். பிறகு சேர்மனிடம், “இதை வண்டியில இருந்து எறக்கும்போதே சொல்லியிருக்கலாமுங்களே” என்றார்.

“உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதானுங்க…”

“இப்ப மட்டும் கஷ்டப்படலீங்களா? தேங்கா வேற ஒடச்சுப்போட்டேன்.”

குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். மோட்டார் ஓய்ந்தது. மல்லிகைச் சரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“வேற ஏதாச்சும் இப்படி டிரம்முக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்குதுங்களா சம்பந்தி?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றார் சேர்மன்.

கப்பல் தொடர்பு வந்துவிட்டது, எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்கிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான்.

கூடம் நிறைந்திருந்தது. திரையில் முதலில் கடலடி வந்தது. பார்வையாளர்களுக்கு அது எப்போதும் ஏமாற்றம்தான். கடலின் அடியில் பெரும்பாலும் சேறுதான் இருக்கிறது. ஒரு கடலட்டை, யாரோ சுரைக்காயை உருட்டிவிட்டதுபோல, சேற்றில் கிடந்தது. “நகருதுங்களா?” என்று பின்வரிசையில் ஒரு பாட்டையா கேட்டார். நகரவில்லை. அப்புறம் படம் மாறித் தாரணி வந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை, வெயிலில் கறுத்த முகம். “வணக்கமுங்க” என்று சிரித்தாள். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் வழியாகப் பேசும்போது நாம் சொல்வது அங்கே போய்ச் சேரவும், அவர்கள் பதில் இங்கே வரவும் சற்று நேரமாகும். அதுவரை அவர்கள் முந்தைய பேச்சுக்கான முகத்தோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகள் திமிங்கலம் பற்றிக் கேட்டார்கள். பிறகு மைக்கைச் சம்பந்தி கையில் கொடுத்தார்கள்.

“கண்ணு, மாமா பேசறேன். சாப்பிட்டியா?”

சற்றுப் பொறுத்து, “சாப்பிட்டனுங்க மாமா. நீங்க?”

“இனிமேத்தான் கண்ணு. அங்க குளுருதா?”

“ராத்திரியில மட்டுமுங்க.”

“ஊட்டுக்கு எப்பக் கண்ணு வாரே?”

“அடுத்த மாசமுங்க மாமா. கல்யாணம் முடிச்சுட்டு மறுபடி சித்திரையில கப்பலுக்கு வரணுமுங்க.” அவள் முகம் மலர்ந்தது. “நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு அப்பா சொன்னாருங்க. எத்தனை பேரு ஊட்டுல இப்படி ஒத்துக்குவாங்க? ரொம்பச் சந்தோசமுங்க மாமா.”

சம்பந்தி திரும்பிச் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் தரையைப் பார்த்தார். மைக்கை மறுபடி வாயருகே கொண்டு போகச் சம்பந்திக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“நான் சொல்லலை கண்ணு. என்னை ஆரும் கேக்கவே இல்லை.”

அந்த வார்த்தை அவளிடம் போய்ச் சேரும்வரை அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, அவளுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. எத்தனையோ மீன்கள் என் கையில் செத்திருக்கின்றன. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதைப்போல எனக்கு எதுவும் வலித்ததில்லை.

பிறகு போய்ச் சேர்ந்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ ஏதோ கேட்க, வேண்டாம் என்று கையால் காட்டினாள். நேராக எங்களைப் பார்த்தாள்.

“அப்ப நானே கேக்கறனுங்க மாமா. கல்யாணத்துக்கப்பறமும் நான் கப்பலுக்குப் போவேன். உங்களுக்குச் சம்மதமுங்களா?”

அவர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சபையில் அத்தனை பேர் இருக்கிறார்கள். ஏதாவது நயமாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

“சம்மதமில்லை கண்ணு” என்றார். “வருசத்துல பாதி நாள் நீ கடல்ல இருந்தா என்ற பையன் ஆருகூடக் குடும்பம் நடத்தறது? உன்ற மேல தப்பில்லை. எனக்கு ஒப்பலை.”

மறுபடி அந்த இடைவெளி.

“சரிங்க மாமா” என்றாள். குரல் மட்டும் லேசாக உடைந்தது. “அப்ப எனக்கும் இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. நேராச் சொன்னதுக்கு நன்றிங்க.”

“நல்லா இரு கண்ணு” என்றார். மைக்கை மெதுவாக மேசைமேல் வைத்தார். கப்பலில் யாரோ சமயோசிதமாகக் கேமராவை மாற்றினார்கள். கடலட்டை அதே இடத்தில் கிடந்தது.

பந்தியில் யாரும் உட்காரவில்லை. சம்பந்தி வீட்டுப் பெண்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். “ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்று சேர்மன் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். “இருக்கட்டுமுங்க” என்றார்கள். ஒருவர்கூட ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மோட்டாரை வண்டியில் ஏற்றினார்கள். கடைசியாகச் சம்பந்தி என்னிடம் வந்து, “அந்தப் பெரிய மீனு பொழச்சுக்குமுங்களா அம்மணி?” என்று கேட்டார். பிழைத்துக்கொள்ளும் என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

என்னைக் கேட்டால் தாரணி, சம்பந்தி இருவரில் எவர் பக்கம் நியாயம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ அதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான். அதனால் உங்களுக்குச் சொல்வது இது. இந்த ஊரில் மோட்டார் நிற்கும்போதெல்லாம் உதவ நல்லவர்கள் வருவார்கள். ஆகாத ஒன்றை ஆசையாகக் கொண்டு வருவார்கள். “ஆகாதுங்க” என்பதும் மரியாதையான சொல்தான், அதில் ‘ங்க’ இருக்கிறது. வாசலிலேயே சொல்லிப் பழகுங்கள். டிரம்மைத் தேடிப் போகாதீர்கள்.

சாயங்காலம் பழுதுக்குப் போன மோட்டார் வந்து சேர்ந்தது. மாட்டி ஓடவிட்டுவிட்டு, குளத்தோரம் உட்கார்ந்து பெரிய திருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது, மூச்சு நிதானமாக வந்தது. சேர்மன் வந்தார். சரிகை வேட்டியோடு ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். மாடியில் யாரும் தொடாத சோற்றைப் பாத்திரங்களில் மாற்றும் சத்தம் கேட்டது.

“அந்த மோட்டார ஓட்டியிருந்தா?” என்றார்.

“செத்திருக்குமுங்க.”

பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். “ரெண்டு பக்கமும் மனசு நோகக்கூடாதுன்னுதானுங்க அம்மணி அப்படிச் சொன்னேன். கொழந்தைக்குக் கெடுதல் பண்ணோணும்னா நெனச்சேன்?”

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். “அப்படியெல்லாம் இல்லீங்க, நீங்க நல்லதுக்குத்தான பண்ணீங்க” என்று சொல்ல வேண்டும். அத்தனை வருடம் அவரிடம் வேலை பார்த்தவள் நான். வாய்வரை வந்தும்விட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. “நான் என்ற பொண்ணுகிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். என்மேல் கோபமில்லை. முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

“அந்தத் திரையை மறுக்கா போடச் சொல்லுங்க அம்மணி. போனை அவ எடுக்க மாட்டீங்கறா.”

கூடத்தில் நாற்காலிகள் கலைந்து கிடந்தன. நாங்கள் இருவர் மட்டும்தான். கப்பலில் யாரோ போய் அவளை அழைத்து வந்தார்கள். அவள் வந்து உட்கார்ந்தாள். சேர்மன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, அப்பா உன்னையக் கேக்காம, அவிகளையும் கேக்காம, ரெண்டு பக்கமும் பொய் சொல்லிப்போட்டேன். அப்பா பண்ணுனது தப்பு.”

பதில் வரச் சற்று நேரமாகும். அதுவரை அங்கே நிற்பது முறையில்லை என்று தோன்றியது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.